வேலையற்றோர் உதவிப்பணமும் மேன்முறையீடு என்னும் மாயையும்

செங்கோன்மைக்கு எடுத்துக்காட்டாகத் தமிழர் பெரிதும் போற்றிவருவது ஆராய்ச்சி மணியின் கதையாகும். கன்றை இழந்த பசு மணியை அசைத்ததாகவும், அரசன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டதாகவும் மனுநீதிச் சோழன் கதை கூறும். அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றி அதே கதையினை மகாவமிசமும் கூறுகின்றது. துட்டகைமுனுவின் பகைவனான அம்மன்னனுக்கு அந்நூல் சூட்டிய புகழ்மாலைகளுள் இம்மணியும் ஒன்றென்பது மனங்கொளத்தக்கது. எனினும், இக்கதையைப் போற்றுவோர் கேட்க மறந்த வினாக்கள் இரண்டுண்டு. அரண்மனை வாயில்வரை வந்து சேர இயலாது போனவர் எத்தனை பேர்? ஒரு பசுவுக்குக் கிடைத்த நீதி, மறுநாள் அதே தெருவிற் சென்ற ஏனைய தேர்களின் வேகத்தைக் குறைத்ததா?

இவ்விரு வினாக்களும் பழங்கதையோடு ஒழிந்தவையல்ல. வேலையற்றோர்க்கு உதவிப்பணம் வழங்கும் இன்றைய அரசுகள் ஒவ்வொன்றும் தத்தம் வாயிலில் ஒரு மணியைக் கட்டி வைத்துள்ளன. விண்ணப்பம் தவறாக நிராகரிக்கப்பட்டால், கொடுப்பனவு காரணமின்றி நிறுத்தப்பட்டால், கொடுத்த பணத்தைத் திருப்பித் தருமாறு கடிதம் வந்தால், ‘மேன்முறையீடு செய்யலாமே’ என்பதே அவ்வரசுகளின் விடையாகும். நிருவாகத்தின் ஒவ்வொரு தவறுக்கும் இவ்வொரு சொல்லே பரிகாரமாகக் காட்டப்படுகின்றது. கற்றறிந்தோரும் இவ்விடையால் எளிதில் அமைதியுறுகின்றனர். சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கின்றது, நியாயசபை ஒன்று இருக்கின்றது, ஆகவே உரிமையும் இருக்கின்றது என்பது அவர்தம் துணிபு.

இத்துணிபு தவறானது. பசித்திருப்பவர் தனித்தனியே, தம் செலவில், தம்மிடமில்லாத ஆவணங்களைத் தேடி, கொடுப்பனவு நின்றுபோன நிலையில் நடத்தவேண்டிய மேன்முறையீடு அவரைக் காப்பதிலும் பார்க்க அரசைக் காக்கும் பணியையே பெரிதும் செய்கின்றது. தவறான முறையொன்று ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கவும் அது துணைபோக வல்லது. அண்மைக்கால வரலாறு இதனை ஐயந்திரிபற நிறுவுகின்றது.

முதற்கண் இவ்வுதவியின் இயல்பு தெளிவாதல் வேண்டும். பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டத்தின் இரண்டாம் பாகம் கட்டடத் தொழில், கப்பல் கட்டுந் தொழில், பொறியியல் முதலிய சில தொழில்களைச் சார்ந்த ஏறத்தாழ 22 இலட்சம் தொழிலாளரை வேலையின்மைக் காப்புறுதிக்குள் கொணர்ந்தது. தொழிலாளியும் தொழில்கொள்வோரும் அரசும் பங்களித்த நிதியிலிருந்து, 1913 சனவரி தொடக்கம் வாரம் 7 சிலிங், ஆண்டொன்றில் 15 வாரம்வரை வழங்கப்பட்டது. ஏழைச் சட்டத்தின்கீழ் வேலையில்லத்து வாயிலில் நின்று இரந்து பெற்றதற்கும், தான் செலுத்திய பங்களிப்பின் பயனாகக் கேட்டுப் பெற்றதற்கும் இடையிலுள்ள வேறுபாடே அச்சட்டத்தின் உயிர்நிலை. அதற்கேற்பவே முறையீட்டுக்கான வழியும் வகுக்கப்பட்டது. காப்புறுதி உத்தியோகத்தரின் முடிவை ஏற்காதவர் நடுவர் மன்றுக்குச் செல்லலாம். அம்மன்றிலே தொழில்கொள்வோர் தரப்பினரும் தொழிலாளர் தரப்பினரும் ஒரு தலைவரோடு அமர்ந்தனர். அதற்கும் மேலாக ஒரு தலைமை நடுவர் இருந்தார். அவருடைய தீர்ப்புகள் அச்சிட்டு வெளியிடப்பட்டன. பின்வந்த வழக்குகளுக்கு அவை வழிகாட்டின. ஒரு தொழிலாளி பெற்ற வெற்றி மற்றொரு தொழிலாளிக்குப் படிக்கட்டாயிற்று.

அத்தகைய நாட்டிலேயே பத்தாண்டு கழியுமுன் அவ்வுரிமை உள்ளிருந்து அரிக்கப்பட்டது. முதலாம் உலகப்போரின் பின் வேலையின்மை பெருகியபோது, உதவிப்பணம் கேட்போர் தாம் ‘உண்மையாகவே வேலை தேடுவதாக’ நிறுவவேண்டும் என்னும் நிபந்தனை 1921இல் புகுத்தப்பட்டது. சுரங்கங்கள் மூடிக்கிடந்த ஊர்களிலும் கப்பல் துறைகள் வெறிச்சோடிய நகர்களிலும், இல்லாத வேலையைத் தேடி எத்தனை கதவுகளைத் தட்டினாரெனத் தொழிலாளி கணக்குக் காட்டவேண்டியிருந்தது. இந்நிபந்தனை 1930இல் நீக்கப்படும்வரை ஏறத்தாழ 30 இலட்சம் கோரிக்கைகள் அதன் பேரால் நிராகரிக்கப்பட்டன. இக்காலம் முழுவதும் முறையீட்டு மன்றுகள் இயங்கியே வந்தன. அவற்றால் இவ்வழிவைத் தடுக்க இயலவில்லை. ஏனெனில், நிறுவும் சுமை தொழிலாளியின் தோளில் ஏற்றப்பட்டிருந்தது. ஒருவர் தம் மனத்தின் உண்மையை எந்த ஆவணத்தால் நிறுவுவார்? 1930ஆம் ஆண்டின் சட்டம் இச்சுமையை இடம்மாற்றிற்று. தகுந்த வேலை கிடைத்தும் ஒருவர் அதனை ஏற்க மறுத்தாரென்பதைக் காட்டவேண்டிய பொறுப்பு பெரும்பாலும் அதிகாரிகளையே சார்ந்தது. நிறுவும் சுமை யாரைச் சார்கின்றது என்பதே இத்துறையில் ஏனைய யாவற்றையும் தீர்மானிக்கும் வினா என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இப்பாடத்தை அண்மையில் மறந்த அரசுகளுள் அவுஸ்திரேலிய அரசினை முதலிற் குறிப்பிடல் தகும். ‘றோபோடெற்’ எனப் பொதுமக்களாற் பெயரிடப்பட்ட திட்டம் 2015ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, 2016இல் முழுவீச்சிற் செயற்படத் தொடங்கியது. வேலையற்றோரும் மாணவரும் கடந்த ஆண்டுகளிற் பெற்ற கொடுப்பனவுகளில் மிகையானவற்றைக் கண்டறிந்து அறவிடுவதே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. அதன் கணிதம் பள்ளி மாணவரும் பிழையெனக் காணக்கூடியது. வரித் திணைக்களத்திடமிருந்து பெற்ற ஆண்டு வருமானத்தைக் கணினி 26ஆல் வகுத்து, ஒவ்வோர் இரு வாரத்துக்குமான வருமானமெனக் கொண்டது. கொடுப்பனவோ ஒவ்வோர் இரு வாரத்திலும் உண்மையாக உழைத்த தொகையைக் கொண்டே சட்டப்படி கணிக்கப்படல் வேண்டும்.

உதாரணமாக, நிதியாண்டின் முதல் ஆறு மாதங்கள் வேலையின்றி உதவிப்பணம் பெற்ற இளைஞர் ஒருவர், அடுத்த ஆறு மாதங்களில் வேலை கிடைத்து 26,000 டொலர் உழைத்தாரெனக் கொள்வோம். அவர் வேலையின்றி இருந்த காலத்தில் வருமானம் இல்லையென அறிவித்தது முற்றிலும் உண்மை. ஆயினும் கணினியின் சராசரி, அக்காலத்திலும் இரு வாரத்துக்கு 1,000 டொலர் வீதம் அவர் உழைத்ததாகக் காட்டும். உண்மை உரைத்தவர் இவ்வாறு பொய்யராகவும் கடனாளியாகவும் ஆக்கப்பட்டார். நிலையான மாதச் சம்பளம் பெறுவோரை இச்சராசரி தீண்டாது. பருவகால வேலை, பகுதிநேர வேலை, இடையிடையே கிடைக்கும் கூலி ஆகியவற்றால் வாழ்வோரையே அது தாக்கும். அவரே உதவிப்பணத்தை நாடுவோர் என்பதும் வெளிப்படை.

முன்னர் இத்தகைய முரண்பாடு தோன்றினால் உத்தியோகத்தர் ஒருவர் அதனை ஆராய்ந்து, தேவைப்படின் தொழில்கொள்வோரிடம் வினவுவார். அவ்வாறு ஆராயப்பட்டவை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20,000. புதிய திட்டத்திலோ வாரமொன்றுக்கே அத்தொகையான கடிதங்கள் சென்றன. மனிதர் நீக்கப்பட்ட இடத்திற் குடிமகனின் உழைப்பு நிரப்பப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் வேலைசெய்த கடையின் சம்பளச் சீட்டைத் தேடுவது அவரது கடமையாயிற்று. அக்கடை மூடப்பட்டிருக்கலாம், முகவரி மாறிக் கடிதமே கிடைக்காது போயிருக்கலாம். விடையளிக்காமை கடனை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்பட்டது. பலரது கடன்மீது நூற்றுக்குப் பத்து வீதம் அறவீட்டுக் கட்டணமும் சேர்க்கப்பட்டது. தனியார் கடன் அறவிடும் நிறுவனங்களிடம் கடன்கள் ஒப்படைக்கப்பட்டன. வரிமீளளிப்புத் தொகைகள் கைப்பற்றப்பட்டன.

‘மேன்முறையீடு இருந்ததே’ என்போர் இனி வருவதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அங்கு முறையீட்டுப் படிகள் குறைவாக இருக்கவில்லை. திணைக்களத்துக்குள்ளே மீளாய்வு, அதன்மேல் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையின் முதலாம் படி, அதன்மேல் இரண்டாம் படி, சட்ட வினாவாயின் சமஷ்டி நீதிமன்றம் என நான்கு படிகள் இருந்தன. 2017இலேயே நியாயசபையின் முதலாம் படியில் அமர்ந்த சட்டப் பேராசிரியர் டெரி கார்னி, சராசரியை மட்டும் ஆதாரமாகக் கொண்டு கடனை நிறுவச் சட்டத்தில் இடமில்லையெனத் தீர்ப்பளித்தார். ஒரு வழக்கிலன்று, பல வழக்குகளில் அவ்வாறு தீர்ப்பளித்தார். இத்தீர்ப்புகள் தவறெனத் திணைக்களம் கருதியிருப்பின் இரண்டாம் படிக்குச் சென்றிருக்கலாம். அது செல்லவில்லை. அவற்றைச் சரியென ஏற்றிருப்பின் திட்டத்தையே நிறுத்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. வென்றவரின் கடனை மட்டும் நீக்கிவிட்டு, வழக்காடாத ஏனையோருக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டேயிருந்தது. முதலாம் படித் தீர்ப்புகள் அக்காலத்திற் பகிரங்கமாக வெளியிடப்படவில்லை. இரண்டாம் படித் தீர்ப்புகளே வெளியிடப்பட்டன. ஆகவே, திட்டம் சட்டவிரோதமானதென்ற உண்மை நியாயசபையின் கோப்புகளுக்குள்ளேயே உறங்கிற்று. கார்னியின் பதவிக்காலமும் அவ்வாண்டிலேயே புதுப்பிக்கப்படாது முடிந்தது.

மேன்முறையீடு இங்கு ஆற்றிய பணி யாது? முறையிட வல்லவரைத் தனியே பிரித்தெடுத்து அமைதிப்படுத்திற்று. முறையிட இயலாத பெருந்தொகையினரைப் பழைய நிலையிலேயே விட்டது. திட்டத்தைக் குறைகூறியோருக்கு, ‘தவறுகள் திருத்தப்படுகின்றன, முறை நன்கு இயங்குகின்றது’ என்று விடைகூறும் வாய்ப்பையும் அரசுக்கு அளித்தது. திட்டம் நன்கு இயங்குகின்றதென அமைச்சர் ஒருவர் 2017 சனவரியில் வானொலியிற் கூறியதும் இத்தகைய விடையே. இத்திட்டத்தைச் சட்டத் திருத்தமின்றி நடைமுறைப்படுத்தல் இயலாதென 2014இலேயே சமூக சேவைகள் திணைக்களத்துக்கு அதன் சட்ட அலுவலர் ஆலோசனை கூறியிருந்தமை பின்னரே வெளியாயிற்று.

2019 நவம்பரில் மாணவர் உதவிப்பணம் பெற்ற ஒருவரின் வழக்குச் சமஷ்டி நீதிமன்றத்துக்கு வந்தபோது, அக்கடன் சட்டப்படி வலுவற்றதென அரசே ஒப்புக்கொண்டது. கார்னியின் முதல் தீர்ப்புக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையில் இரண்டரை ஆண்டுகள் கழிந்திருந்தன. 2020 மே மாதத்தில் ஏறத்தாழ 4,70,000 கடன்களுக்கான 72 கோடி டொலரைத் திருப்பிக் கொடுப்பதாக அரசு அறிவித்தது. 2021 யூனில் நீதிமன்றம் ஏற்ற கூட்டு வழக்கின் தீர்வு, நீக்கப்பட்ட கடன்களையும் சேர்த்து ஏறத்தாழ 180 கோடி டொலர் பெறுமதியானது. கத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணைக்குழு 2023 யூலை 7இல் தன் அறிக்கையை வெளியிட்டு, இத்திட்டம் நியாயமானதுமன்று, சட்டப்படியானதுமன்று என முடிவுகூறிற்று. அவ்வாணைக்குழுவின் முன் சாட்சியமளித்தோருள் தம் மைந்தரை இழந்த இரு தாய்மாரும் இருந்தனர். கடன் கடிதங்களின் சுமையோடு தம் உயிரை மாய்த்துக்கொண்ட அவ்விளைஞருக்கு எந்தப் படியிலுள்ள மேன்முறையீடும் இனிப் பயன்படாது.

இஃது ஒரு நாட்டின் தற்செயலான பிழையெனக் கொள்ளுதல் பொருந்தாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2013 முதல் 2015 வரை ‘மைடாஸ்’ என்னும் கணினி முறைமை, வேலையின்மைக் காப்புறுதி பெற்றோரை மனிதர் எவரும் நோக்காமலே மோசடிக்காரரெனத் தீர்மானித்தது. பெற்ற தொகையைத் திருப்பித் தருவதோடு, அதன் நான்கு மடங்கு தண்டப்பணமும் 100க்கு 12 வீத வட்டியும் கேட்கப்பட்டன. முறையிட 30 நாள் அவகாசம் இருந்தது. ஆனால், உதவி பெறுவதை நிறுத்திய பலர் அதன்பின் திறந்தும் பாராத இணையக் கணக்குகளுக்கே அறிவித்தல்கள் அனுப்பப்பட்டன. மணி கட்டப்பட்டிருந்தது, அது கட்டப்பட்ட செய்தி மட்டும் சொல்லப்படவில்லை. பின்னர் 22,427 முடிவுகளை மீளாய்ந்தபோது 100க்கு 93 வீதமானவை பிழையென அம்மாநில நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்து எழக்கூடிய ஆட்சேபனைகள் இரண்டு. உழைக்க மனமற்றோரும் பொய் கூறுவோரும் பொதுப்பணத்தைக் கவர்வதை அரசு தடுக்கவேண்டாவா என்பது முதலாவது. தடுக்கவே வேண்டும். ஆயின், மோசடியென்பது ஒரு குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டுபவரே அதனை நிறுவுதல் வேண்டுமென்பது நீதிமன்றத்திற் கள்வனுக்கும் கொலையாளிக்கும் வழங்கப்படும் சலுகை. வேலையிழந்தவருக்கு மட்டும் அது மறுக்கப்படுவானேன்? செல்வந்தரின் வரிக்கணக்கை ஆராயும்போது கையாளப்படும் பொறுமையில் ஒரு பங்காவது வறியவரின் கணக்கை ஆராயும்போது கையாளப்படுவதில்லை. இதன் காரணம் நிருவாகத் திறனன்று, வர்க்க நோக்கே. வறுமை தன்னளவிலேயே சந்தேகத்துக்குரியதென்னும் ஏழைச் சட்டக் காலத்து எண்ணம், கணினியின் மொழியிற் பேசக் கற்றுக்கொண்டுள்ளது.

முறையீடு முடியும்வரை பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அரசின் நிதி தாங்குமா என்பது இரண்டாவது. இதற்கு விடை 1971இலேயே கூறப்பட்டுவிட்டது. கலிபோர்னியாவில் ஒருவருக்கு வேலையின்மை உதவிக்குத் தகுதியுண்டெனத் தீர்மானித்த பின்னரும், முன்னாள் தொழில்கொள்வோர் மேன்முறையீடு செய்தால் கொடுப்பனவை நிறுத்திவைக்கும் வழக்கம் இருந்தது. ஜாவா வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. வேலையிழந்த நாள்களில் உயிர்வாழ உதவுவதற்கென ஏற்பட்ட பணம் அந்நாள்களிலேயே கொடுபடல் வேண்டுமென அது தீர்த்தது. ஏழு வாரம் கழித்துக் கிடைக்கும் உணவு ஏழு வாரத்துப் பசியைத் தீர்க்காது. வேலையின்மை உதவியின் பொருள் அதன் காலத்திலேயே அடங்கியுள்ளது; காலந்தாழ்த்திய கொடுப்பனவு நிலுவையைத் தீர்க்கலாம், நோக்கத்தை நிறைவேற்றாது.

பிரித்தானியா இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. 2013 முதல் வேலை தேடுவோர் உதவிப்பணம் முதலியன பற்றி நியாயசபைக்குச் செல்லுமுன், முடிவெடுத்த திணைக்களத்திடமே மீள்பரிசீலனை கோருதல் கட்டாயமாக்கப்பட்டது. வாயிலுக்கு முன்னர் இன்னொரு வாயில் எழுந்தது. அதன்பின் நியாயசபையை அடைந்த முறையீடுகளின் தொகை பெரிதும் வீழ்ந்தது. முடிவுகள் திடீரெனச் செம்மையுற்றமையால் அவ்வீழ்ச்சி நேர்ந்ததென நம்புதல் கடினம். படியொன்று கூடினால் ஏறுவோர் குறைவர் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

இலங்கை வாசகர் இவற்றைத் தூரதேசத்துச் செய்திகளாகக் கருதல் கூடும். இந்நாட்டில் வேலையற்றோர்க்கெனக் காப்புறுதித் திட்டம் எதுவும் இயங்கவில்லை என்பது உண்மையே. வேலையிழந்த இலங்கையர் ஒருவருக்கு எஞ்சுவது குடும்பத்தின் வறுமையை அளந்து வழங்கப்படும் நலன்புரி உதவி மட்டுமே. அவ்வுதவியே இன்று மேற்கூறிய வினாக்களை இம்மண்ணிற்குக் கொண்டுவந்துள்ளது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் 2023இல் தொடங்கப்பட்ட அஸ்வெசும திட்டம், 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களைப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்தது. பெயர்ப்பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. முறையீட்டு வசதி சிறப்பாக இயங்கியமைக்கு இத்தொகையைச் சான்றாகக் காட்டுவோர் உளர். தெரிவுமுறையின்மீது மக்கள் வழங்கிய தீர்ப்பே இத்தொகை எனக் கொள்ளுதலே நேரிது.

இத்தகைய முறையீடொன்றின் விலை யாதென எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலையகத் தோட்டத் தொழிலாளியோ வன்னியின் கூலி விவசாயியோ கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் நாடிச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலியை இழக்கும் நாளாகும். இணையத்தினூடு முறையிடலாமெனின், கைப்பேசியும் அதனை இயக்க வல்ல பிள்ளையும் வீட்டில் இருத்தல் வேண்டும். எக்குறிகாட்டியில் எத்தனை புள்ளி குறைந்ததென அறியாதவர் எதனை மறுத்து எழுதுவார்? காரணம் கூறப்படாத முடிவுக்கு எதிரான முறையீடு, இருளில் எறிந்த கல்லே.

ஆதலின், அஸ்வெசும திருத்தப்படும்போதும், நாளை இந்நாட்டில் வேலையின்மைக் காப்புறுதி ஒன்று அமைக்கப்படும்போதும் நான்கு விதிகள் சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். முதலாவது, ஒவ்வொரு நிராகரிப்புக்கும் நிறுத்தத்துக்கும் உரிய காரணம், பயன்படுத்திய தரவோடு, விண்ணப்பதாரரின் தாய்மொழியில் எழுத்தில் வழங்கப்படல் வேண்டும். இரண்டாவது, தகுதியிழப்பையும் மிகைக் கொடுப்பனவையும் நிறுவும் சுமை அரசையே சாரவேண்டும். கணினியின் ஊகம் சான்றாகாது. மூன்றாவது, ஒருமுறை வழங்கப்பட்ட கொடுப்பனவு முறையீடு தீரும்வரை நிறுத்தப்படலாகாது. நான்காவது, முறையீட்டுத் தீர்ப்புகள் பெயர்கள் நீக்கப்பட்டு வெளியிடப்படல் வேண்டும்; அவற்றில் ஒரு முறை பிழையெனக் காணப்பட்டால், அம்முறையாற் பாதிக்கப்பட்ட யாவரது கோப்புகளையும் அவர்கள் கேளாமலே திணைக்களம் திருத்துதல் வேண்டும்.

இந்நான்கனுள் நான்காவதே தலையாயது. அவுஸ்திரேலியாவில் ஏனைய மூன்றும் மீறப்பட்ட பின்னரும், இந்நான்காம் விதி ஒன்று மட்டும் இருந்திருப்பின் 2017இலேயே அத்திட்டம் வீழ்ந்திருக்கும். தனியொருவர் பெற்ற நீதி அவரோடு புதைந்துபோகாது பொதுநீதியாக மாறும் வழி அதுவேயாகும்.

இக்கோரிக்கை பல்கலைக்கழகத்துக்குப் புறம்பானதன்று. அவுஸ்திரேலியாவிற் கடனாளியாக்கப்பட்டோருள் மாணவரும் இருந்தனர். பிழையை முதலிற் சட்டமொழியில் உரைத்தவர் ஒரு பேராசிரியர். அதனை அறிந்தும் மௌனம் சாதித்த உத்தியோகத்தர் பலர் பட்டதாரிகள். புள்ளியிடும் படிவத்தையும் வகுக்கும் கணினி நிரலையும் நிராகரிக்கும் கடிதத்தையும் இந்நாட்டில் நாளை ஆக்கப்போவோர் இன்று விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருப்போரே. மேன்முறையீடு இருக்கின்றதென்னும் ஆறுதலோடு அப்படிவங்களிற் கையொப்பமிடுவதா, அன்றேல் முறையிட வராதவரின் கோப்பையும் தாமே எடுத்துத் திருத்துவதா என்பதை அவர்கள் அந்நாற்காலிகளில் அமருமுன்னரே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.